பக்கத்தில் ஓடியவள்

ஆம்பூர்
4.8.2024

அன்புள்ள மேகலாவுக்கு ஹுமேரா எழுதுவது.

கோபக்காரிக்கு சலாம். நீ நலமா, வீட்டில் அண்ணன் நலமா? இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று சிரிப்பாய். என் நம்பரை பிளாக் செய்துவிட்டால் நான் வேறு என்ன செய்வது? நம் கம்பெனி பஸ் ஓட்டும் பஞ்சாட்சரம் அண்ணன் மாதனூரில் உனக்குப் பக்கத்துத் தெருதானே, அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

ஒன்பது வருஷம் ஒரே லைனில் ஷூ தைத்தோம். ஒரே பஸ், ஷிப்ட் முடிந்தால் கம்பெனி மைதானத்தில் ஒன்றாக ஓட்டம். அப்படிப்பட்டவள் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை விட்டுப் போகலாமா? நான் இப்போது சூப்பர்வைசர். உன் தையல் கோணலாகப் போய் ஒரே நாளில் முப்பது ஜோடி ரிஜெக்ட் ஆனால், மேலே இருப்பவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். அதனால்தான் உன்னை மெஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டும் டேபிளில் போட்டேன். எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு மாதக் கோபம் ரொம்ப ஜாஸ்தி.

மைதானத்தில் இப்போது தனியாகத்தான் ஓடுகிறேன். பேச ஆள் இல்லாமல் பேஜாராக இருக்கிறது. ஜனவரியில் வேலூரில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கேட்கிறார்கள். உன் பெயரையும் எழுதட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஹுமேரா


மாதனூர்
11.8.2024

ஹுமேராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம் என்று எழுதலாம். சில நாளாகத்தான் அது கொஞ்சம் உண்மையாகி வருகிறது.

"இன்னா தூக்கம் இது, வீட்ல போய்த் தூங்கு" என்றாய். லைனில் நாற்பது பேர் சிரித்தார்கள். நீ சொன்னதைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்து நான்கு நாள் தூங்கினேன். ஐந்தாம் நாள் என் குரல் கரகரத்துப் போனதைக் கேட்டு வீட்டுக்காரர் பயந்து வேலூருக்கு அழைத்துப் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு. நாலைந்துக்குள் இருக்க வேண்டிய அளவு எனக்கு எண்பத்தேழு. விரல் மரத்துத் தையல் கோணியது, மே மாத வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது, முடி கொத்துக் கொத்தாக வந்தது, எல்லாம் அதனால்தானாம். டாக்டரம்மா வீங்கிய என் காலைப் பார்த்துவிட்டு, "இதை வெச்சிக்கினு ஓடுனீங்களா?" என்று கேட்டார்.

ஓடினேன். உடம்பு போட்டுவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று என்னை நானே திட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஓடினேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். விடிவதற்குள் எழுந்து சர்வீஸ் ரோட்டில் தனியாக வேறு ஓடிப் பார்த்தேன். மைதானத்தில் நீ பதினோரு சுற்று போவாய், நான் நான்கிலேயே உட்கார்ந்துவிடுவேன். "சோத்தைக் கம்மி பண்ணு மேகலா, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு" என்பாய். நானும் எழுந்து ஓடுவேன்.

மருந்துக்கடையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்தார்கள். உள்ளே நூறு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு டீகூடக் கூடாது. அதைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. லேபிளைச் சுரண்டிவிட்டு நீ பையில் வைத்திருப்பாயே, அதே பாட்டில். தினமும் பஸ்ஸில் ஏறியதும் ஒன்று போடுவாய். சத்து மாத்திரை என்பாய். உனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

எனக்கு என்ன வந்திருக்கிறது என்று உனக்குத் தெரியும்தானே? அதை மட்டும் சொல். ஓட்டத்துக்கு என் பெயரை எழுத வேண்டாம்.

மேகலா


ஆம்பூர்
16.8.2024

அன்புள்ள மேகலா,

தெரியும். இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது.

காலையில் உன் முகம் வீங்க ஆரம்பித்த முதல் வாரமே தெரியும். எனக்கும் அப்படித்தான் வந்தது, கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னால். "நிக்காஹ் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் அம்மா. நிக்காஹ் முடிந்தது, நான் சொல்லவில்லை. பிறகு கொழுந்தன் ஷாஹித்துக்குப் பெண் பார்க்கப் போனோம். அந்தப் பெண்ணுக்குத் தைராய்டு என்று காதில் விழுந்ததுமே என் மாமியார் "இந்தப் பேச்சே வேணாம்" என்று எழுந்து வந்துவிட்டார். அவர் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, பாட்டிலின் லேபிளைச் சுரண்டியது.

ரத்தம் டெஸ்ட் பண்ணு என்று உன்னிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் சொல்வேன், நீ பஸ்ஸில் யாரிடமாவது சொல்வாய், பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் மொஹல்லாத் தெருக்காரர்கள். இப்படியெல்லாம் யோசித்து யோசித்து வாயை மூடிக்கொண்டேன். உன்னைத் திட்டுவது சுலபமாக இருந்தது மேகலா. லைன் முழுக்க உன்னைச் சோம்பேறி என்று பார்த்தால் என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு கேடுகெட்ட புத்தி. நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடினேன், உன்னை அது இல்லாமல் என் பின்னால் ஓடவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதனூர் வரட்டுமா? நீ நடக்கிற வேகத்தில் உன்னோடு நடக்கிறேன்.

ஒன்று மட்டும். என் வீட்டுக்காரர் தௌசீப்புக்கும் மாமியாருக்கும் இன்னும் எதுவும் தெரியாது. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன்
ஹுமேரா


மாதனூர்
29.9.2024

ஹுமேராவுக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. அடுத்த ரத்தப் பரிசோதனை வரும்வரை எதையும் முடிவு செய்யக் கூடாது என்று இருந்தேன். எண்பத்தேழு இப்போது பன்னிரண்டாக இறங்கியிருக்கிறது. தலைக்குள் இருந்த மந்தம் விலகிவிட்டது.

முதலில் நடை, அப்புறம் நடையும் ஓட்டமுமாக என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும், மறுநாள் உடம்பு வலித்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். எனக்கு நிற்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. நேற்று ஒரு கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன். பால் கேனோடு சைக்கிளில் வந்த பெரியவர் சாவகாசமாக என்னை முந்திப் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நீ பயந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பஸ்ஸில் சொல்லியிருக்க மாட்டேன், ஹுமேரா. ஒன்பது வருஷத்தில் அதுகூட உனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றுதான் எனக்கு ஆறவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்திலும், இப்போது எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. கிழித்துப் போடு என்று இருக்கிறது.

கிழிக்க மனம் வரவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் பிடிக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், நீயே கிழித்துக்கொள். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எதுவும் வர வேண்டாம். ஓடும்போது பக்கத்தில் இன்னொருவர் மூச்சு கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். அது நீயாக இருக்க வேண்டாம்.

மேகலா


ஆம்பூர்
20.10.2024

அன்புள்ள மேகலா,

இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டியது. பதில் எழுத வேண்டாம், பஞ்சாட்சரம் அண்ணனிடமும் நான் கேட்க மாட்டேன். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நீ திருப்பி அனுப்பிய கடிதத்தை நான் கிழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தௌசீப் கையில் கொடுத்தேன். அவர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். முடிக்கும்வரை சுவரோரமாக நின்றேன். படித்துவிட்டு, "இதுக்குப் போயா?" என்றார். பிறகு அவர் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இந்த வீட்டில் என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மாமியார் மகனை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் பன்னெண்டு வருஷமா போட்டுக்கறேன்மா. அன்னிக்கு அந்தப் பொண்ணு பேச்சு வந்தப்போ, எங்க என்னுதும் வெளிய வந்துடுமோன்னுதான் எழுந்து வந்துட்டேன்" என்றார். விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கு முன்னால் சமையலறையில் இருட்டிலேயே போட்டுக்கொள்வாராம். ஆறு வருஷமாக அவர் எனக்குத் தெரியாமல் சமையலறையில், நான் அவருக்குத் தெரியாமல் பஸ்ஸில்.

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்க வேண்டியவள் நீ. யாருக்குப் பயந்து உன்னைக் கைவிட்டேனோ, அவர் என்னைவிடப் பயந்துபோய் உட்கார்ந்திருந்திருக்கிறார் மேகலா.

ஹுமேரா