முப்பத்தெட்டு முட்டை அட்டைகள்

இலக்கியாவுக்கு,

இந்த அர்த்த ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பையன் இப்போதுதான் தூங்கினான். நேரத்துக்கு மட்டும்தான் இந்த மன்னிப்பு. இனி எழுதப்போகும் எதற்கும் இல்லை. வாட்ஸப்பில் கேட்டால் கைகூப்பிய பொம்மை ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் மெயில்.

சேலம், நாமக்கல் பக்கத்து வெயிலைப் பற்றி உன் நிறுவனம் அறிக்கை தயாரிக்கிறது, பொதுமக்களே வரைவைப் படித்துத் தவறு சொல்லலாம், சம்பளம் இல்லை, பெயர் வரும் என்று ஜூன் மாதம் நீதான் கெஞ்சினாய். விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்றும் சொன்னாய். ஏழு மாதக் குழந்தையோடு சும்மா இருப்பது எப்படி என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் படித்தேன்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில், கோழிப்பண்ணைகளில் வெயிலால் சாவு சொல்லும்படியாக இல்லை என்று இருந்தது. நான் குறிப்பு எழுதினேன்: இந்த வரி தவறு. மே நான்காம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் ஷெட்டுக்குள் நாற்பத்து மூன்றரை டிகிரி. போர்வெல் வற்றியதால் கூரைமேல் தண்ணீர் தெளிக்க வழியில்லை. இருட்டுவதற்குள் 1,140 கோழிகள் செத்தன. குழியில் போட்டு மூடினோம். எந்த அலுவலகத்துக்கும் சொல்லவில்லை, அதனால் உங்கள் கணக்கில் வரவில்லை.

பண்ணைக்காரர்கள் செத்த கோழியின் எண்ணிக்கையை வெளியே சொல்ல மாட்டார்கள். சம்பந்தி கேட்டால்கூட, ஏதோ பத்து இருவது போச்சுங்க என்பார்கள். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே எனக்குச் சொல்லித் தந்தது இது. ஆங்கிலத்தில் எழுதினால் ஊர் காதுக்கு எட்டாது என்று நினைத்தேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது, உன் தலையில் போடவில்லை.

உன் தலையில் போடுவது அடுத்தது. அறிக்கையை மக்களிடம் கொண்டுபோக ஓவியர்களைச் சேர்த்தீர்கள். உங்கள் ஓவியர் நந்தகுமார் என் குறிப்பைப் படித்துவிட்டு, முப்பத்தெட்டு முட்டை அட்டைகளைச் சுவரில் அடித்து, குழிக்குக் குழி கறுப்புப் பெயிண்ட் பூசி, நாமக்கல்லில் ஒரு கல்லூரி மண்டபத்தில் வைத்தார். அட்டைக்கு முப்பது குழி. கணக்கு சரியாக 1,140. அடியில் அந்த எண், எங்கள் ஊர் செம்மேட்டுப்பாளையம், என் பெயர். அவ்வளவுதான். வெயில் என்ற சொல் எங்கும் இல்லை. ஏன் என்று போனில் கேட்டதற்கு, கலை விளக்கம் சொல்லக் கூடாது, பார்க்கிறவர்களே அர்த்தம் கண்டுகொள்ளட்டும் என்றாய். கண்டுகொண்டார்கள், இலக்கியா. காரணம் சொல்லாத கோழிச் சாவுக்கு இங்கே ஒரே அர்த்தம்தான், சீக்கு. பறவைக் காய்ச்சல். மாலைக்குள் அந்தப் படம் வாட்ஸப் குரூப் எல்லாவற்றிலும் சுற்றியது.

ஆறு நாளாக முட்டை ஏஜெண்ட் வண்டி அனுப்பவில்லை. எங்களுக்கு மட்டுமில்லை, ஊரில் எந்தப் பண்ணைக்கும். பக்கத்துப் பண்ணை சின்னண்ணன் வாசலில் நின்று, ஏனுங்க மச்சான், உங்கூட்டு மருமக செத்த கோழிக்குக் கண்காட்சி வெக்கறாளாமா, அப்படியே எங்கூட்டுக் கோழிக்கும் கருமாதிப் பத்திரிகை அடிக்கச் சொல்லுங்க என்று மாமாவிடம் கத்திவிட்டுப் போனார். அத்தை என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்கிறார்: ஏஞ்சாமி, உங்கம்மா நல்லா எழுதிப்போட்டா, இனி மூணு வேளைக்கும் நமக்கு அவிச்ச முட்டைதான் சாமி. தாலி கட்டிய ஈஸ்வரோ தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறார், தட்டிலும் முட்டைதான்.

மாமா கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்து, நாஞ் சொன்னது பொய்யி, ஒரு கோழியும் சாவுலன்னு எழுதிக் கையெழுத்துப் போடு சாமி, வெள்ளிக்கிழமை ஏஜெண்டுக வாராங்க, காட்டோணும் என்றார். போடாவிட்டால் மேச்சேரிக்கு, என் அம்மா வீட்டுக்குப் போய்க்கொள்ளலாமாம். பையனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனையும் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இன்று மத்தியானம் உன் பதில் வருகிறது: வருந்துகிறோம், குறிப்பைத் திரும்பப் பெற விதியில் இடமுண்டு, ஒரு வரி எழுதினால் நீக்கிவிடுகிறோம். மாமா கேட்பதும் நீ கேட்பதும் ஒன்றுதான். உன் தாளில் மட்டும் நிறுவன முத்திரை இருக்கிறது. நீக்கினால் அந்தப் பக்கம் பழையபடி சொல்லும்படியாக இல்லை என்றே அச்சாகும். பொய் என்று நான் எழுதிக் கொடுத்தாலோ, குழியில் அள்ளிப் போட்ட பத்து ஆட்களுக்கும் உண்மை தெரியும். மறைக்கிறார்கள், அப்படியானால் சீக்குதான் என்று ஊரே முடிவு கட்டிவிடும். இதை மாமாவிடம் சொன்னேன். படிச்ச புள்ளைக்கு வாயி நீளமுங்க என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அன்றைக்கு எல்லோரும் நனைத்த சாக்கோடு ஷெட்டுக்கு ஓடினோம். நானும் ஓடினேன். பையன் சிமெண்ட் ஷீட் கூரை போட்ட அறையில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரமோ, அதற்கும் மேலோ. வேலைக்கு வரும் மாரக்காள் தண்ணீர் குடிக்கப் போனவள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மிணி, பையன் அழுவக்கூட மாட்டீங்கறானுங்க என்றாள். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சீட்டில் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார்கள். உன் படிவத்தில் கோழிக்கு இடம் இருந்தது; அதை எழுதினேன். கோழியை மட்டும் நினைத்து எழுதவில்லை. அந்த வரியைத்தான் நீக்கச் சொல்கிறாய்.

நீக்க மாட்டேன். பெயரும் இருக்கட்டும். நந்தகுமாரை நாளையே வரச் சொல்லி, அட்டைகளுக்கு மேலே, தூரத்திலிருந்து தெரிகிற எழுத்தில், தமிழில், இவை வெயிலால் செத்தவை என்று தேதி, நேரம், டிகிரியோடு எழுதச் சொல். புரளி கிளம்பிய மறுநாளே கால்நடைத் துறையினர் வந்து எங்கள் கோழிகளுக்கு ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நோய் இல்லை என்று வந்த தாளை இத்துடன் அனுப்புகிறேன். மாமா காட்டினால் காசு கொடுத்து வாங்கியதா என்கிறார்கள். நீங்கள் ஒட்டுங்கள். கலை கெட்டுப்போகும் என்றால் கெடட்டும். வெள்ளிக்கிழமை ஏஜெண்டுகள் வரும்போது நீ இங்கே வந்து, இவள் வெயில் என்றுதான் எழுதினாள், அந்தச் சொல்லை விட்டது நாங்கள் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சின்னண்ணன் திட்டுவார். வாங்கிக்கொள். நான் ஆறு நாளாக வாங்குகிறேன்.

ஹாஸ்டலில் உனக்கு அம்மை கண்டபோது அறையை விட்டுப் போகாமல் இருந்தவள் நான். சொல்லிக்காட்டுவது அசிங்கம்தான். சொல்லிக்காட்டுகிறேன்.

வெள்ளிக்கு இன்னும் இரண்டே நாள். சீக்கிரம் பதில் எழுது. வர முடியாது என்றால், முடியாது என்றாவது எழுது.

ரஞ்சனி