ஃபுர்மாட்டன் சரளைப் பாதைக்குத் தார் வேண்டாம்

அனுப்புநர்:
திருமதி அடெலின் ருப்பன்,
திராட்சைத் தோட்ட உரிமையாளர்,
மேலைத் தெரு, ஃபுர்மாட்டன்.

பெறுநர்:
திரு. எர்வின் இம்போடன் அவர்கள்,
ஊரகச் சாலைகள் அதிகாரி,
மாநிலப் பொதுப்பணி அலுவலகம்.

பொருள்: ஃபுர்மாட்டன் மேல் சரளைப் பாதைக்குத் தார் போடும் பணியை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதுகிறவர் முதல் வரியிலேயே யாரையாவது குறை சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அப்படித் தொடங்க மனம் வரவில்லை. எங்கள் சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டி வருகிறவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் புகாருக்கு வருகிறேன். பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

1. ஆற்றங்கரை ரயில் நிலையத்தில் தொடங்கும் அந்தப் பாதை, ஆப்ரிகாட் தோப்புகளைக் கடந்து, எங்கள் திராட்சை அடுக்கு நிலங்களின் நடுவே வளைந்து வளைந்து ஏறி, வாய்க்காலோரமாகக் காட்டுக்குள் நுழைந்து, கோடையில் மாடு மேயும் புல்வெளியில் போய் முடிகிறது. நான் மலையை நிமிர்ந்து பார்ப்பதே மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான். அந்தச் சைக்கிள்காரர்கள் என் கொடிகளுக்கு மேலே மூச்சு வாங்கி நின்று, எதிரே வெயில் படும் பனிமலையைப் பார்த்து வாயடைத்துப் போகும்போது, நானும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தரம் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

செம்மறிக் கூட்டம் எதிரே வந்தால் இறங்கிச் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். திறந்த படலை மூடிவிட்டுத்தான் போகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அப்படி என்று என்னால் எழுதித் தர முடியாது. புருவம் வரைக்கும் தூசி அப்பிக்கொண்டு வந்து, என் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ரை தானிய ரொட்டியையும் சீஸையும் அவர்கள் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்தால் சமைத்தவர்களுக்கு மனம் நிறையும்.

2. என் கணவரின் தம்பி செவெரின், முதல் கோடையில் அவர்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஏறத் தெரியுது, இறங்கத் தெரியுது. ஒரு கொடி கட்டத் தெரியுமா அண்ணி இவங்களுக்கு?" என்பார். இப்போது சனிக்கிழமை வந்துவிட்டால் வீட்டுக்கும் பாதைக்குமாக நடக்கிறார். "என்ன அண்ணி, நம்ம தூசிக் கூட்டத்தை இன்னும் காணோம்? எவனாச்சும் விழுந்து கிழுந்து வச்சானா?" என்று என்னைத்தான் கேட்கிறார்.

அவர் மனம் மாறியதற்குக் காரணம் உண்டு. அலுவலகக் கோப்பில் இருக்காது என்பதால் எழுதுகிறேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் நிலம் உறைந்து இளகும்போது கொடிகளுக்கு இடையே கற்கள் மேலே வந்துவிடும். துளிர் விடுவதற்கு முன் ஊர்ப் பொதுவேலை நாள் ஒன்று வைத்து, வீட்டுக்கு ஒருவர் வந்து, அந்தக் கற்களைப் பொறுக்கிப் பாதையில் பரப்புவோம். முன்பெல்லாம் அவை படியாமல் கிடந்து, முதல் மழைக்கே பாதி உருண்டு கீழே வந்துவிடும். இவர்களின் அகலச் சக்கரங்கள் ஓடத் தொடங்கிய பிறகு கற்கள் அமுங்கி நிற்கின்றன. பெய்கிற மழையையும் பாதையே குடித்துவிடுகிறது. நாங்கள் பொறுக்கிப் போடுகிறோம், அவர்கள் அழுத்திக் கொடுக்கிறார்கள். யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அல்ல.

3. இனிப் புகார். விருந்தாளி வருகிறார் என்றால் மேசை விரிப்பை மாற்றாமல் எங்கள் ஊராருக்கு இருப்புக் கொள்ளாது. சென்ற கோடை ஊர்க் கூட்டத்தில் தலைவர் எழுந்து, "நம்ம ஊரைத் தேடி வர்ற ஜனங்க கல்லுலயும் மண்ணுலயும் குலுங்கிட்டுப் போறாங்க. நமக்கே கேவலமா இல்லையா? நல்ல தார் ரோடா போட்டுக் குடுப்போம்யா!" என்றார். மொத்தக் கூட்டமும் கை தூக்கியது. கூட்டத்துக்கு ஒயின் எடுத்து வரும் முறை அன்று என் வீட்டுக்கு. நான் நிலவறையில் இருந்தேன். கூஜாவோடு மேலே வந்தபோது எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "தாருக்கு" என்றார்கள். ஒயினை ஊற்றுவதைத் தவிர எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

4. செப்டம்பரில் கீழ்ப் பகுதிக்குத் தார் போட்டு முடித்தார்கள். அக்டோபரில் மழை வந்தது. பெரிய மழை என்றுகூடச் சொல்ல முடியாது. தாரில் இறங்க வழியில்லாத தண்ணீர் முழுவதும் ஓரமாக ஓடிச் சேர்ந்து, வளைவில் கீழே பாய்ந்தது. அங்கே இருந்தது செவெரினின் அடுக்கு நிலத்தைத் தாங்கும் சுவர். சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டியது. அது சரிந்து, இரண்டு அடுக்குக் கொடிகளையும் மண்ணையும் வாரிக்கொண்டு போய் ஆப்ரிகாட் தோப்பில் தள்ளியது. மறுநாள் அவர் அங்கே குனிந்து நின்றார். நான் பக்கத்தில் போனதும், "அன்னிக்கு நான் தூக்குன கைதான் அண்ணி, இப்பக் கல்லு பொறுக்குது" என்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

5. வரும் ஏப்ரல் 13, திங்கட்கிழமை, மேல் பகுதிக்குத் தார் போடும் வண்டி வருகிறது. அந்தப் பகுதிக்கு நேர் கீழே இருப்பவை என் நிலங்கள். மழையில் நழுவும் கொஞ்ச மண்ணை ஒவ்வொரு வசந்தத்திலும் முதுகுக் கூடையில் சுமந்து மேலே கொட்டுகிறோம். அது பழகிப்போன பாடு. சுவரே போய்விட்டால் சுமப்பதற்கு மண் இருக்காது. அந்தக் கொடிகளைத் தவிர எனக்கு வேறு பிழைப்பு இல்லை. பயமாக இருக்கிறது ஐயா. மரியாதையான சொல்லில் இதை எழுத எனக்குத் தெரியவில்லை.

6. யாருக்காகத் தார் போடுகிறோமோ அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தை அழைத்து வருகிறவர் பெர்ன் நகரப் பள்ளி ஆசிரியை நதீன் மோஸர். தார் அவர்களுக்காகத்தான் என்ற செய்தியைச் சொன்னதும் சைக்கிளைப் பிடித்தபடியே சுவர் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, எங்களுக்காகவா? யாருங்க கேட்டா? தார் ரோடு எங்க வீட்டு வாசல்லயே கிடக்கு. இந்தக் கல்லுக்காகத்தானே ரயில் மாறி மாறி வர்றோம்!" என்றார். "இதைக் கூட்டத்துல வந்து சொல்லியிருக்கணும் தாயி" என்றார் செவெரின். "என்னை யாருங்க கூப்பிட்டா?" என்றார் அவர்.

அடுத்த ஊர்க் கூட்டம் ஜூனில்தான். அதற்கு முன் பணியை நிறுத்தும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு. மேல் பகுதிப் பணிக்கான ஒப்புதலைத் திரும்பப் பெறவும், கீழ்ப் பகுதித் தாரைப் பெயர்த்துவிட்டுச் சரளை போட ஆணையிடவும் வேண்டுகிறேன்.

அதிகாரியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி எழுதுவது இதே ஊரில் பிறந்தவருக்கு.

பொதுவேலை நாளன்று எழுத்தர் தேவாலய வாசலில் நின்று வீட்டுப் பெயர்களை வாசிப்பதும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "இருக்கேன்" என்று குரல் வருவதும் தாங்கள் அறிந்ததே. தங்கள் தாயார் மறைந்த பிறகு, "இம்போடன் வீடு" என்று வாசிக்கும்போது பதில் வருவதில்லை. எழுத்தர் சற்று நின்று அடுத்த பெயருக்குப் போவார். நாங்கள் தரையைப் பார்ப்போம்.

சென்ற ஆண்டு அந்த நேரம் பார்த்து நதீன் தன் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். எங்கள் வழக்கம் தெரியாதவர். ஏதோ ஒரு வேலைக்கு ஆள் இல்லாமல் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "நான் இருக்கேன்!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். எழுத்தர் திகைத்து நின்றார். சிலர் சிரித்தார்கள். செவெரின்தான், "சரி விடுங்கய்யா, இம்போடன் வீட்டுக்கு ஆள் வந்தாச்சு" என்று நதீன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். தங்கள் வீட்டின் பங்கு மேல் வளைவு. வழுக்கும் சைக்கிள் காலணியோடு, மதியம் வரை, அந்த வளைவு முழுவதும் கல் பரப்பியவர் அவர். அங்கே கிடப்பவை தங்கள் வீட்டுப் பெயரில் விழுந்த கற்கள். தார் வண்டி அங்கிருந்துதான் வேலையைத் தொடங்கப் போகிறது.

இந்த ஆண்டு ஏப்ரல் 11, சனிக்கிழமை காலை பெயர்கள் வாசிக்கப்படும். நதீனும் வருகிறார். தங்கள் வீட்டுப் பெயர் வரும்போது அவர் வாய் திறக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம்: ஃபுர்மாட்டன்
நாள்: 23 மார்ச் 2026

தங்கள் பதிலை எதிர்பார்த்து நிற்கும்,
(கையொப்பம்)
அடெலின் ருப்பன்