பல்கனிக்கு அடித்த பச்சைப் பெயின்ற்

கொட்டாஞ்சேனை,
05.08.2025, செவ்வாய்.

அன்புத் தம்பி கிளறன்சுக்கு,

நீயும் மச்சாளும் பிள்ளைகளும் மாதாவின் காவலில் நல்லபடி இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதத் தொடங்குகிறேன். எனக்குச் சீனி வருத்தம் அடங்கித்தான் இருக்கிறது. நித்திரைதான் இல்லை. அதற்கு மருந்து டொக்டரிடம் கிடையாது, உன்னிடம்தான் இருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இரண்டு தரம் சொல்லத் தொடங்கினேன். இரண்டு தரமும், அக்கா, போனில் இதெல்லாம் கதைக்காதே என்று வெட்டிவிட்டாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, பார். முன்வீட்டுப் புளோறன்ஸ் அக்காவின் மகன் றொஹான் வியாழக்கிழமை உங்கள் பலெர்மோவுக்குத் திரும்புகிறான். மாதா திருநாளுக்கு நிற்க முதலாளி லீவு தரவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிறான். அவன் கையில்தான் கொடுத்து விடுகிறேன். தனியாக இருந்து வாசி.

முதலில் சந்தோஷமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் மயூரி வந்து தங்கும் அறையைக் கழுவித் துடைத்தாயிற்று. புது நுளம்பு வலை வாங்கினேன். தொட்டிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் திகதி எயார்போர்ட்டுக்கு வாடகை வானும் பேசியாயிற்று. உன் பேத்தியைக் கையில் வாங்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. படத்தில் பார்த்தால் எங்கள் அம்மாவின் நெற்றி.

ஆனால் அவள் வரும் நாள் கிட்டக் கிட்ட, இரவில் எழும்பிப் போய்ப் பல்கனிக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தம்பி.

புளோறன்ஸ் அக்கா இந்த வருடத்துத் தாய்மாரின் பட்டியலைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனா. போன திருநாளுக்குப் பிறகு நம் தெருவில் பிள்ளை பெற்றவர்கள் ஏழு பேர். கடைசியில், எட்டாவதாக, மயூரியின் பெயரைத் தன் கையால் எழுதிப் பக்கத்தில் சின்னச் சிலுவையும் போட்டிருக்கிறா. எட்டுத் தாய், எட்டுப் பிள்ளை. எட்டுப் பேரும் பதினைந்தாம் திகதி பின்னேரம் எங்கள் மரப் பல்கனியில் ஏறி நிற்கப்போகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் சுபோதினி மிஸ் கோப்போடு வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். பக்கத்து இரண்டு வீட்டையும் வாங்கிய கொம்பனிக்காரர், நாங்கள் விற்க மறுத்த கோபத்தில், இது இடிந்து விழப்போகிற வீடு, ஆட்களுக்கு ஆபத்து என்று கந்தோர் கந்தோராகப் பெட்டிசன் போட்டுக்கொண்டிருந்த காலம். பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கிற பட்டியலில் வீட்டைச் சேர்த்தால் எவனும் கை வைக்க முடியாது என்று நீதான் லீவில் வந்து நின்று ஓடித் திரிந்தாய். அதைப் பார்த்து எழுதத்தான் திணைக்களத்திலிருந்து அவ வந்தா.

நான் அவவுக்கு எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! மாதாவின் சுரூபம் வைத்த கூடு தெருவால் வரும்போது எங்கள் வீட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு நிமிடம் நிற்கும், அந்த வருடம் பிள்ளை பெற்ற தாய்மார் எங்கள் பல்கனியிலிருந்து பூத் தூவுவார்கள், பிறகு எல்லோரும் ஒன்றாக முன்னுக்கு வந்து, பிள்ளைகளைக் கம்பிக்கு மேலால் தூக்கி மாதாவுக்குக் காட்டுவார்கள், ஐந்து தலைமுறையாக ஒரு வருடமும் தவறியதில்லை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவ எழுதுவதை நிற்பாட்டிவிட்டு என்னையே பார்த்தா. இப்படி வீடு கொழும்பில் நூறு இருக்கிறது அன்ரி, இப்படி வழக்கம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றா. அந்த வழக்கத்துக்காகவே வீட்டைப் பட்டியலில் சேர்த்தா.

பல்கனி உறுதியா என்றும் கேட்டா. நான் ஓம் என்றேன்.

அவ வருவதற்கு முதல் நாள் நீ செய்தது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். பல்கனியைத் தாங்குகிற நடுத் தீராந்தியில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்திப் பார்த்தாய். பிடி வரைக்கும் உள்ளே போனது. கறையான் தின்று வெறும் கோதாக இருந்தது. நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். நீ போய் பொட்டிப் பசை வாங்கி வந்து ஓட்டையை அடைத்தாய். மேலே பச்சைப் பெயின்ற் அடித்தாய். ஏணியைப் பிடித்தது நான்.

அரசாங்க வர்த்தமானியில் வீட்டின் பெயர் வந்ததும் கொம்பனிக்காரர் வாயை மூடினார்கள். நான் கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தேன். சொன்ன பொய்க்கு நன்றிப் பூசை கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பட்டியலில் சேர்ப்பதற்கு முந்தி என்றால் ஒரு தச்சனைப் பிடித்து இரண்டு நாளில் மரத்தை மாற்றியிருக்கலாம். இப்போது அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடிக்கக்கூடாது. அனுமதி கேட்டால் எஞ்ஜினியர் வந்து தட்டிப் பார்ப்பார். தட்டினால் பொட்டி உதிரும். உதிர்ந்தால் நாங்கள் ஏமாற்றினோம் என்று தெரியும், கொம்பனிக்காரர் சொன்னதுதான் சரி என்றாகும். வீட்டைக் காப்பாற்றப் போட்ட சட்டம், வீடு நோயில் கிடந்தாலும் வெளியில் சொல்லவிடாமல் என் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. சட்டத்தையும் குறை சொல்லக் கூடாது. நாங்கள்தான் அதற்குள் பொய்யை வைத்துப் பூசினோம்.

போன வருடத் திருநாளில் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. ஆறு தாய்மார் ஒன்றாக முன்னுக்கு வந்தபோது நான் கீழே வாசலில் நின்றேன். தலைக்கு மேல் சடக்கென்று ஒரு சத்தம். பான்ட் வாத்தியத்தில் வேறொருவருக்கும் கேட்கவில்லை. என் தோளில் ஏதோ தூள் கொட்டியது. அந்த நேரத்தில் நான் ஒரு மன்றாட்டும் சொல்லவில்லை, ஒன்று, இரண்டு என்று ஆட்கள் இறங்கி வருவதை எண்ணிக்கொண்டு நின்றேன்.

இந்த ஆனியில் கொம்பனிக்காரர் பக்கத்துக் காணியில் புதுக் கட்டிடத்துக்குப் பைல் தூண் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு குத்துக்கும் அலுமாரிக் கண்ணாடி நடுங்குகிறது. பல்கனிப் பலகைக்கும் கதவு நிலைக்கும் இடையில் போன வருடம் ஒரு விரல் போனது. இன்று காலையில் நாலு விரலும் போனது.

கதவைப் பூட்டிவிடு, சாவி தொலைந்தது என்று சொல்லு என்று நீ சொல்லலாம். அதுவும் யோசித்தேன். ஆனால் இம்முறை சுபோதினி மிஸ் மேலதிகாரிகளோடும் படம் எடுக்கிறவர்களோடும் வருகிறா. வாசலில் பித்தளைத் தகடு பதிக்கப்போகிறார்களாம். அவ போனில் சொல்லும்போது குரலில் அவ்வளவு சந்தோஷம். ஏன் பூட்டினீர்கள் என்று அவ கேட்டால், இன்னொரு பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை.

போன திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று அவவின் கந்தோருக்கே போனேன். வாசலில் செக்யூரிட்டி யாரைப் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டான். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? தபால் கந்தோருக்கு எது வழி என்று கேட்டேன். அவன் பாவம், றோட்டு வரைக்கும் வந்து காட்டினான். நான் தபால் கந்தோருக்கே போய், தேவையில்லாமல் நாலு முத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அக்காவின் வீரம் அவ்வளவுதான்.

இனி நீ முந்தநாள் அனுப்பிய குரல் செய்திக்கு வருகிறேன். பதினைந்தாம் திகதி மட்டும் தாங்கும் அக்கா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாய். சரி. அதோடு விட்டிருக்கலாம். மயூரியை நடுவில் நிறுத்தாதே, சுவர்ப் பக்கம் நிறுத்து என்றும் சொன்னாய். அதை நான் எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது, கிளறன்ஸ். தாங்காது என்று உனக்கும் தெரிந்திருக்கிறது.

அப்படியென்றால் நடுவில் யாரை நிறுத்த?

நேற்றுப் பின்னேரம் றொஹான் வந்தான். அவனுடைய பெண்சாதியும் தாய்மார் பட்டியலில் இருக்கிறாள். மகன் பிறந்து இரண்டு மாதம். தான் நிற்கமாட்டேன் என்பதால், கூடு வந்து நிற்கும்போது கீழே நின்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி என்னைக் கெஞ்சினான். பெண்சாதியை நல்ல நடுவில் நிறுத்தும்படியும் கேட்டான். அப்போதுதான் பிள்ளையின் முகம் வடிவாகத் தெரியுமாம். நான் ஓம் என்றேன். எனக்கு அந்த ஒரு சொல்தானே வரும்.

அவன் போனதும் மேலே ஏறி, கத்தியால் நீ அடித்த பச்சைப் பெயின்றைச் சுரண்டினேன். பொட்டி கட்டியாகக் கழன்று விழுந்தது. உள்ளே மரம் என்று ஒன்று இல்லை. கையை விட்டால் தவிடுபோல வருகிறது. அதில் ஒரு பிடியைக் காகிதத்தில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார். மற்றப் பிடி என் கைப்பையில் இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் திரும்பவும் கந்தோருக்குப் போகப்போகிறேன். அந்தத் தூளை அவவின் மேசையில் வைத்தால் போதும், வாய் திறக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்தால் எடுக்கட்டும். எங்கள் பெயரைக் கெடுத்தால் கெடுக்கட்டும். முட்டுக் கொடுத்துத் திருத்த வழி இருக்கிறது என்று அவ சொன்னால் அது மாதா தந்தது. நீ வயது போன காலத்தில் வந்து இருக்க நினைத்த வீடு, எனக்குத் தெரியும். நான் வேறெங்கே போவேன் என்றும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் என்னை நான் நம்பவில்லை, தம்பி. அன்றைக்கு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தவள் இனியும் வரமாட்டாள் என்று என்ன நிச்சயம்? அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இக்கடிதத்தைத் தரும்போது றொஹான் தன் மகனின் படத்தைப் போனில் காட்டுவான். யார் போனாலும் காட்டுகிறான், உனக்கும் காட்டுவான். அவசரப்படாமல் பார். பார்த்த பிறகும், போய்ச் சொல்லிவிட்டேன் என்று என்னிடமிருந்து செய்தி வந்திருக்காவிட்டால், சுபோதினி மிஸ்ஸுக்கு நீ போன் எடுத்துச் சொல்லு. நம்பரைப் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். என்னிடம் கேட்டுவிட்டு எடுக்காதே. கேட்டால் வேண்டாம் என்பேன்.

மயூரி கட்டாயம் வரட்டும். தொட்டில் காத்திருக்கிறது. இந்த வருடம் மாதா எங்களை மன்னித்து, எட்டுத் தாய்மாரும் தெருவில் நின்றே பிள்ளைகளைத் தூக்கிக் காட்ட வைக்கட்டும். அவ குனிந்து பார்த்துக்கொள்ளுவா.

உனக்கு ஏணி பிடித்த அக்கா,
டோரின்