ஆறு மணிக்கு மேல் வந்த அழைப்பு

அக்கா,

இன்று காலை கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் வரும் அழைப்பை யாரும் எடுக்க வேண்டியதில்லையாம், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும்கூட. படித்ததும் கோபம்தான் வந்தது. நம் ஐந்து பேர் குழுவுக்கு நீங்கள் என்றைக்கோ போட்ட சட்டம் இது. அதை இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி அனுப்பியிருக்கிறார்கள்.

காய்ச்சலில் கிடந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு, ஏழு மணி மீட்டிங்கில் நான் உட்கார்ந்திருந்ததைத் திரையில் பார்த்துவிட்டீர்கள். "லேப்டாப்ப மூடுடி, நான் பேசிக்கிறேன்" என்றீர்கள். மறுநாளே சட்டம் வந்தது: "ஆறு மணிக்கு மேல நானே கூப்டாலும் எடுக்கக் கூடாது."

சொன்னதோடு விட்டீர்களா? வேண்டுமென்றே ஆறரைக்குக் கூப்பிட்டுப் பார்ப்பீர்கள். எடுத்தவர், புதன்கிழமை எல்லோரும் தட்டாஞ்சாவடி ஆபீசில் கூடும்போது அத்தனை பேருக்கும் முட்டை பஃப்ஸ் வாங்கிவர வேண்டும். நான் மூன்று முறை மாட்டினேன். "உனக்குப் புத்தியே வராதா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது பஃப்ஸையும் எடுத்துக்கொள்வீர்கள்.

அந்த வியாழக்கிழமை ஆறு இருபதுக்கு போனில் உங்கள் பெயர் தெரிந்தபோது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "பாருடி, பெரியம்மா என்னை மாட்டிவிடப் பாக்குறாங்க" என்று அவளிடம் காட்டிச் சிரித்தேன். மறுபடியும் அடித்தது. கவிழ்த்து வைத்துவிட்டேன். இந்த முறை ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது அக்கா.

நீங்கள் நெஞ்சுவலியோடு தனியாக இருந்திருக்கிறீர்கள். லாஸ்பேட்டையில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து, ஆட்டோ பிடித்து கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் விழுப்புரத்திலிருந்து உங்கள் அண்ணன் வந்தார். உங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "கடைசியா உனக்குத்தாம்மா ரெண்டு வாட்டி போட்டிருக்கா. ஏம்மா எடுக்கல?" என்று கேட்டார்.

"டவர் இல்லண்ணா" என்றேன். வாயில் அதுதான் வந்தது. விளையாட்டு என்று நினைத்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வேன்?

குழுவில் உங்கள் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். சட்டத்தை நீக்கவில்லை, விளையாட்டை மட்டும் நிறுத்திவிட்டேன். ஆறு மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும், தெரியாத நம்பராக இருந்தாலும், நான் எடுத்துவிடுகிறேன். நீங்கள் திட்டுவீர்கள், தெரியும்.

வாடகைக்கு விட்ட உங்கள் வீட்டைப் பார்க்க அண்ணன் மாதம் ஒருமுறை வருகிறார். வந்தால் எங்கள் வீட்டிலும் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போவார். போன வாரமும் வந்தார். "அன்னிக்கு அந்த டவர் மட்டும் இருந்திருந்தா நீ ஓடி வந்திருப்ப, இல்லம்மா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா" என்றேன்.