தண்ணீர் காணாத தங்க வாட்ச்

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் மறுபடி போன் செய்தார். தன் தங்க வாட்சை நான் எடுத்துக்கொள்கிறேனா, இல்லை வேறு ஆளுக்குக் காட்டட்டுமா என்றார். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது நான் என்று உறைத்தது.

முழுத் தங்கம். முலாம் இல்லை. ஆழ்கடலில் முங்குகிறவர்கள் கட்டுவதற்கென்றே செய்த வகை. பழைய வாட்ச் வாங்கி, வீடியோ எடுத்து, சேனலில் போட்டு, பிறகு விற்பதுதான் என் பிழைப்பு. இப்படி ஒன்று என் கைக்கு வந்ததே இல்லை. போன வருடமாக இருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பேன்.

பெரிய வீட்டுக்கு மாறுவதற்கென்று எடுத்துவைத்த பணம் இருக்கிறது. இன்னொரு அறை வேண்டும் என்றுதான் பெரிய வீடு. இப்போது எதற்கு?

மனைவியிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

மார்ச் 5

"ம்" என்றால் சரியா, கோபமா? கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நோயாளிகள் எல்லாம் போன பிறகு வரச் சொன்னார் டாக்டர். பல் பிடுங்கும் சாமான்கள் வைக்கிற தட்டில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வாட்சை வைத்தார். எடுத்தேன். கனம். உள்ளங்கையில் வைத்தால் கை தானாகக் கொஞ்சம் இறங்குகிறது.

"இருபது வருஷம் கட்டியிருக்கேன் தம்பி. ஒரு நாள் தண்ணி பட விட்டதில்ல. கை கழுவறதுக்கே கழட்டி வச்சிடுவேன்."

"தண்ணிக்குன்னே செஞ்சதாச்சே சார்."

"அதுக்காக? தங்கத்தைப் போய் யாராவது நனைப்பாங்களா?"

கிளினிக்கை மூடப்போகிறாராம். மகளுக்கு வாட்ச் வேண்டாமாம், போனிலேயே மணி பார்த்துக்கொள்கிறாளாம். பேச்சோடு பேச்சாக, "உங்களுக்குப் பிள்ளைங்க?" என்றார்.

"இல்ல சார்."

வீடு வரும் வழியெல்லாம் அந்த 'இல்ல' கூடவே வந்தது. ஜனவரியில், எட்டாம் மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் பிறந்தாள். பெண். பிறந்தவளை இல்லை என்றால் பொய். இருக்கிறாள் என்றால் அதுவும் பொய். நான் என்னதான் சொல்லியிருக்கணும்?

அன்றிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. பல் டாக்டர் போடுகிற மரத்துப்போகும் ஊசி கன்னத்தோடு நின்றுவிடும். இது அப்படி நிற்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இவளுடைய அம்மா ஜனவரியிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். வாட்சைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை பவுன் தேறும் மாப்பிள்ளை?"

"இதுக்குப் பவுன் கணக்கு இல்ல அத்தை."

"தங்கத்துக்குப் பவுன் கணக்கு இல்லாம வேற என்ன கணக்கு? இதைக் கட்டிக்கிட்டுக் கடல்ல குதிப்பாங்களாம்ல. அதுக்கு இடுப்புல அம்மிக்கல்லைக் கட்டிக்கலாம், செலவு மிச்சம்."

மகள் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். இவள் சிரிக்கவில்லை. அத்தை வாட்சைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மதியம் படப்பிடிப்பு. பெட்டியைத் திறந்ததும் என் முகம் மலர வேண்டும். எல்லா வீடியோவும் அப்படித்தான் தொடங்கும். மலரவில்லை. மறுபடி எடுத்தேன். வாய் மட்டும் தனியாகப் போய்ச் சிரித்துவிட்டு வந்தது. மறுபடி. மறுபடி. காய்ந்த துணிகளோடு அந்தப் பக்கம் போன இவள் நின்றாள்.

"எதுக்கு இப்படி இளிக்கிற?"

"பாக்கறவங்களுக்கு."

"வாட்சைக் காட்டு. போதும்."

இந்த வாரத்தில் இவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு. முகத்தை விட்டுவிட்டேன். கைகளை மட்டும் எடுத்தேன்.

மார்ச் 12, புதன்

வாட்ச் மெக்கானிக் உள்ளே இருந்த ரப்பர் வளையங்களை மாற்றி, காற்றழுத்தம் வைத்துச் சோதித்தார். "இனி தாராளமா முங்கலாம்" என்றார்.

பிறகு நாள் முழுக்கக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தேன். கண்ணாடியைச் சுற்றியிருக்கிற மேல்வளையத்தைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒழுங்காக நகர்கிறது. ஓரத்தில் ஒரு மெல்லிய கீறல். நல்ல வெளிச்சம். எல்லாம் சரியாக வந்திருக்கிறது. எனக்குள் ஒன்றும் வரவில்லை.

சாப்பிடும்போது இவள் கேட்டாள்: "தண்ணியில போட்டு எடுத்தியா?"

"யாரும் எடுக்க மாட்டாங்க."

"நான் கட்டிக்கிட்டு முங்கறேன்."

அத்தையின் கை சாப்பாட்டுத் தட்டிலேயே நின்றது. இவள் நீச்சல் டீச்சர். ஜனவரிக்குப் பிறகு குளத்துப் பக்கமே போகவில்லை.

மார்ச் 15, சனி

சுத்தம் செய்கிற நேரம், குளத்தில் ஆள் இல்லை. மேனேஜர் எங்களை விட்டார். "பசங்க தினமும் கேக்கறாங்க மிஸ்" என்றார். இவள் என்னிடம் கையை நீட்டினாள்.

வாட்சை நான்தான் மாட்டிவிட்டேன். மணிக்கட்டில் தொளதொளவென்று சுற்றியது. வாட்ச் பட்டையில் சில கண்ணிகளைக் கழற்றினேன். இன்னும் சுற்றியது. இவ்வளவு மெலிந்துவிட்டாளா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

நீருக்குள் எடுக்கிற சின்ன கேமராவை அவளிடம் கொடுத்துவிட்டு, பெரிய கேமராவோடு நான் கரையில் நின்றேன். ஆழமான பக்கம் போய் முங்கினாள். அடியில் தங்கம் கலங்கலாக மின்னியது. அவளால் நெடுநேரம் மூச்சைப் பிடித்திருக்க முடியும். தெரியும். வரவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தண்ணிக்குள்ள எப்படிக் கேக்கும்? வரலை. மின்னறது மட்டும் அங்கேயே இருக்கு, அசையலை, வரவே இல்லை —

குதிச்சிட்டேன். செருப்போட. எனக்கு நீச்சல் தெரியாது.

மூக்கு, வாய், எல்லாம் தண்ணி. எது மேல எது கீழன்னு புரியலை. யாரோ காலரைப் பிடிச்சு இழுத்தாங்க. இவதான். ஓரக் கம்பியில் என் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"லூசா நீ? நீச்சல் தெரியாதவன் எதுக்குடா குதிச்ச?"

"நீ வரலை."

"வாட்ச் போயிடும்னா?"

"நீ வரலைன்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டேன். ஓடிவந்த மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

இவள் கம்பியைப் பார்த்தபடி சொன்னாள்:

"உள்ள கத்திக்கிட்டு இருந்தேன். வீட்ல அம்மா இருக்காங்க, நான் அழுதா அவங்க உடைஞ்சு போயிடுவாங்க. உன்கிட்ட அழலாம்னா, சுவத்துக்கிட்ட அழற மாதிரி இருக்கு. இங்க யாருக்கும் கேக்காதுல்ல. அதான்."

கேட்கவில்லைதான். பக்கத்திலேயே நின்றேன், எனக்கும் கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சின்ன கேமராவில் இருந்ததைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அவள் மணிக்கட்டு, நீல வெளிச்சம், நடுவே வாட்ச். பிறகு கீழிருந்து குமிழிகள். கொத்துக் கொத்தாக, வாட்சை உரசிக்கொண்டு மேலே போகின்றன. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு காட்சி எனக்கு அமைந்ததில்லை.

சத்தமும் பதிவாகியிருக்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ கூப்பிடுவது போல. ஒலியைக் கூட்டிக் கேட்டேன். முழுசாகக் கேட்டேன்.

அழுகை வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அவளிடம் போட்டுக் காட்டினேன். அழிச்சிடவா என்று கேட்டேன்.

"வேணாம். வீடியோவுல போடு. குமிழி அழகா இருக்கு." பிறகு, "சத்தத்தை மட்டும் எடுத்துடு."

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு பேச்சோ இசையோ வைக்க மனம் வரவில்லை. சும்மா விட்டுவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

வீடியோ நன்றாக ஓடுகிறது. முகம் காட்டாதது புது ஸ்டைலாம். தங்கத்தைத் தண்ணீரில் முக்கியெடுத்த பாவி என்று சிலர் வைகிறார்கள். நிறையப் பேர் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குமிழிக் காட்சியை எப்படி எடுத்தீர்கள்?

பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். இவள் போனை வாங்கி, "மூச்சை விட்டோம்" என்று அடித்தாள். அதற்கு ஏகப்பட்ட சிரிப்புப் பொம்மைகள்.

மார்ச் 30, ஞாயிறு

அத்தை கிளம்பிவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன் என்றேன். பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, மகள் குளியலறையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தலகாணியைக் கடிச்சுக்கிட்டுப் படுத்துக் கிடக்கறா. பெத்தவளுக்குத் தெரியாதா? எனக்காகத்தான் அடக்கறா. நான் இருக்கற வரைக்கும் அடக்குவா. அதான் கிளம்பறேன். நீங்க பக்கத்துல இருங்க மாப்பிள்ளை. ஒண்ணும் பேச வேணாம்."

படியிறங்கும்போது ஒரு தடவைதான் நின்றார். திரும்பவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாட்ச் விற்றுப்போய்விட்டது. லாரி கம்பெனி நடத்துகிற ஒரு அம்மா காலையில் வந்து கட்டிப் பார்த்தார். கழற்றவே இல்லை. பெட்டியை நீட்டினேன். "நீயே வச்சுக்க தம்பி. பெட்டியிலயா மணி பாக்கப் போறேன்?" என்று கிளம்பிவிட்டார்.

மதியம் கட்டில் முழுக்கத் துவைத்த துணி. இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தோம். நாளையிலிருந்து இவள் வேலைக்குப் போகிறாள். அதைப் பற்றித்தான் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நடுவில், குரல் மாறாமல், "அவளுக்கு உன் காது" என்றாள்.

யாருக்கு என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது நான் கீழே, ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நின்றிருந்தேன். மேலே வருவதற்குள் முகத்தையும் மூடித் துணி சுற்றிவிட்டார்கள்.

"எந்தக் காது?" என்றேன். என்ன கேள்வி இது.

"ரெண்டும்தான். மடல் லேசா வெளிய தள்ளிக்கிட்டு. முடி நிறைய, நெத்தி வரைக்கும். கால் மட்டும் என்னுது."

"வேற?"

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். புருவம். நகம். மோவாயில் ஒரு சின்னப் பள்ளம்.

துணிகளுக்கு நடுவிலேயே மல்லாந்து படுத்துக் கேட்டேன். கண்ணீர் ஓரமாக வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை. இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.