அட்டையைத் திட்டிய இடம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. என் உடம்பு சொன்னபடி கேட்கிறது. உன் உடம்பும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். நீ மலையிலிருந்து இறங்கியபோது போனில் அனுப்பிய குருவிப் பாட்டின் இரண்டு பதிவுகளும் வந்தன, பின்னாலேயே உன் கடிதமும் வந்தது, ஓரத்தில் சேற்று விரல் தடத்தோடு. கை கழுவிவிட்டு எழுதக் கூடாதா? நீ ஆராயப் போன குருவி கட்டைவிரல் பருமன்தான், நனைந்த சருகின் நிறம், புதரைவிட்டு வெளியே வராது, அதை யாரும் சீந்துவதில்லை என்று எழுதியிருக்கிறாய். குரல் அப்படி இல்லை. உச்சிக்குப் போகும்போதும் துளிப் பிசிறு கிடையாது. எங்கள் கான்வென்ட் பாட்டு சிஸ்டர் கேட்டிருந்தால் எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அதை முன்வரிசையில் நிறுத்தியிருப்பார்.

முதல் பதிவின் நடுவே உன் குரல் விழுந்துவிட்டதாம், மன்னிப்புக் கேட்டு, அதை வெட்டிச் சுத்தமாக இன்னொன்று அனுப்பியிருக்கிறாய். காலில் ஏறிய அட்டையைப் பார்த்து, சனியனே, மறுபடியும் வந்துட்டியா, உனக்கு வேற காலே கிடைக்கலையா என்கிறாய். நான் வளர்த்த லட்சணம். ஆனால் தினமும் நான் போட்டுக் கேட்பது அதைத்தான். நேற்றுக் காலை சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது, டியூட்டிக்குக் கிளம்பிய எதிர்வீட்டு நர்ஸ் கதவைத் தட்டி, என்ன ஆன்ட்டி, தம்பி வந்துட்டாரா என்றாள். இல்லை, குருவி பாடுவதைக் கேட்கிறேன் என்றேன். குருவி நல்லாத்தான் திட்டுது என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். நானும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன், பிறகு காபி போடக்கூடத் தோன்றவில்லை. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை.

கூடு கண்ணில் படவில்லை, இன்னும் ஒரு வருடம் இருக்கட்டுமா அம்மா என்று கேட்டிருக்கிறாய். வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாதியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட என்னால் ஆகாது. இரு. கூட்டைப் பார்த்துவிட்டு வா. ஒன்று மட்டும், இனி அனுப்பும் எதையும் வெட்டாதே. இருமினால் இருமல் இருக்கட்டும், வழுக்கி விழுந்தால் அந்தச் சத்தமும் இருக்கட்டும்.

காலுறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டு, கடிவாயைச் சொறியாதே. ஆண்டவர் உன்னையும் அந்தக் குருவியையும் காக்கட்டும். அடுத்த கடிதத்துக்காவது கை கழுவு. இப்போது வந்த உன் கடிதத்தில் இருக்கும் சேற்றை நான் துடைக்கவில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா