ராஜி எழுதியவள்

செப்டம்பர் 11, 2024. திருப்பதி

சட்ட வரலாற்றுத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம். ரோமானியரின் பன்னிரண்டு பலகைகள் வரை வந்திருக்கிறேன். சுதந்திர மனிதனின் எலும்பை முறித்தால் முந்நூறு காசு. அடிமையின் எலும்பு என்றால் பாதி. உறுப்பையே சிதைத்தால் சிதைத்தவனுக்கும் அதுவே, இருவரும் சமாதானமாகிவிட்டால் ஒழிய. அடித்தவன், அடிபட்டவன். நடுவே மூன்றாவது ஆள் இல்லை.

மாலையில் நைனாவின் போன். அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். "ஒண்ணுமில்ல, நீ படி."

ஒன்றுமில்லாதபோது நைனா போன் செய்வதில்லை.

செப்டம்பர் 12

அம்மா சொன்னாள். எங்கள் ஊர் குடிபாலாவில் வரப்புத் தகராறு. பக்கத்து நிலத்து நாராயணசாமி பெரியப்பாவை நைனா தள்ளிவிட்டார். அவர் கல்மேல் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. நைனாவின் மண்வெட்டி வாய்க்காலிலேயே கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

செப்டம்பர் 15. குடிபாலா

பால் மையத்து வராண்டாவில் ஊர் கூடியது. பெரியப்பா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "மம்மட்டியாலயே போட்டான் என்னை."

வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். எங்கள் பக்கத்து முறை இது. மன்னிப்புக் கேட்பவர் குற்றத்தைக் குறைத்துப் பேசக்கூடாது. எதிராளி சொன்னதை அப்படியே ஏற்க வேண்டும். பேரம் பேசினால் சமாதானம் முறியும்.

"ஆமாண்ணா. அடிச்சேன். தப்புதான்" என்றார் நைனா.

"அடப்பாவி, இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கினியா? நாலு திட்டு திட்டலாம்னு வந்தேன்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜி, அதாவது சமாதானப் பத்திரம், எழுதத் தாளை என்னிடம் நீட்டினார்கள். லா படிக்கிற பெண்ணாயிற்றே. 'தகராறு' என்று மட்டும் எழுதியிருக்கலாம். தெலுங்கில், தேதி, நேரம், மண்வெட்டி, வலது மணிக்கட்டு என்று எல்லாவற்றையும் எழுதினேன். அழகாக வந்திருந்தது. நைனா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மகள் எழுதியது.

செப்டம்பர் 24. திருப்பதி

நைனாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கை முறிந்த அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிருக்கிறது. வழக்கும் பதிவாகியிருக்கிறது. எங்களில் யாருக்கும் தெரியாது. ராஜியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனவர் பெரியப்பாவேதான். போனில் அழுதார். "பேப்பர் குடுத்தா கேஸ மூடிடுவாங்கன்னு நெனச்சேன் பாப்பா. அவங்க அதப் படிச்சிக்கினே ஜீப்ப எடுக்கச் சொன்னாங்க."

செப்டம்பர் 25. சித்தூர்

வக்கீல் கோபிகிருஷ்ணன் தாளை இரண்டு முறை படித்தார். "போலீசுகிட்ட ஒத்துக்கினது கோர்ட்டுல நிக்காதும்மா. ஊருக்கு முன்னால எழுதிக் குடுத்தது நிக்கும். வெறும் எலும்பு முறிவுன்னா ஜட்ஜ் அனுமதியோட ராஜி ஆகலாம். ஆயுதத்தால முறிச்சா ராஜியே கெடையாது. ஒரு வருஷத்துக்குக் கொறையாது." பிறகு, "யாரும்மா எழுதினது? இவ்ளோ வெவரமா!"

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 29

படிக்க முடியவில்லை. படிக்காமலும் இருக்க முடியவில்லை.

தர்மசாஸ்திரத்தில் வழக்கு வகைகள் பதினெட்டு. கடன், எல்லைத் தகராறு, அடிதடி எல்லாம் ஒரே வரிசையில். சிவில் வேறு, கிரிமினல் வேறு என்ற பிரிவு இல்லை. இங்கிலாந்தில் மெல்ல மெல்ல அரசன் நடுவே வந்தான். ஒருவன் கையை முறித்தால் முறிந்தது அரசனின் அமைதி. அதன்பின் மன்னிப்பது அடிபட்டவன் கையில் இல்லை. 1860இல் அது தண்டனைச் சட்டமாக இங்கே வந்தது. இப்போது பெயர் மாறியிருக்கிறது. அரசனின் இடத்தில் அரசு.

அரசியல் சட்டம், இருபதாவது பிரிவு: தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. கட்டாயப்படுத்தி வாக்குமூலம் வாங்கிய காலங்களைக் கண்டு பயந்து எழுதியது.

நான் கட்டாயப்படுத்தவில்லையே. பேனாவைத்தானே கொடுத்தேன்?

அக்டோபர் 5

ஜாமீன். நைனா மெலிந்திருக்கிறார்.

பிப்ரவரி 18, 2025. சித்தூர்

வரப்புக்குத் தனி வழக்கு, சிவில் கோர்ட்டில். மணிக்கட்டுக்கு இன்னொரு வழக்கு, வேறு அறையில். நடந்தது ஒரு காலைப்பொழுது. இந்த அறையில் வரப்பைப் பற்றிப் பேசக்கூடாது, அந்த அறையில் கையைப் பற்றிப் பேசக்கூடாது. நைனா எந்த அறையென்று தெரியாமல் வராண்டாவில் நின்றார். பெரியப்பாதான் கைபிடித்துக் கூட்டிப்போனார்.

மார்ச் 3

ஜீப் சத்தம். இல்லை, பால் வண்டி.

ஜூன் 30. குடிபாலா

மண்வெட்டி என்பது என் எழுத்து, நடந்தது அல்ல என்று நான் கூண்டேறிச் சொல்ல வேண்டுமாம். வேறு வழி இல்லை என்கிறார் வக்கீல். பொய் எழுதினேன் என்று கோர்ட்டில் சொன்னவளுக்கு நாளை கறுப்பு கோட்டு கிடைக்குமா? அவருக்கே தெரியவில்லை.

நைனா கத்தினார். "உன் பேரு இதுல வர வேணாம். ஒரு வருஷம்தானே, நான் இருந்துட்டு வரேன்!"

ஒரு வருஷம்தானே. பன்னிரண்டு நாளிலேயே பாதியாய் மெலிந்த மனுஷன். ஐயோ, நான் எதுக்கு லா படிச்சேன்?

ஜூலை 8. சித்தூர்

கூண்டில் முதலில் பெரியப்பா. "தள்ளினான், விழுந்தேன். அவ்ளோதான் சார்."

"அப்ப மம்மட்டின்னு ஏன் சொன்னீங்க?" என்றார் அரசு வக்கீல்.

"ஊருக்கு முன்னால பேசறப்ப கொஞ்சம் பெருசாதான் சார் பேசுவோம்."

பிறகு நான். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது.

"சட்டம் படித்த நீங்கள் பொய் எழுதினீர்களா?"

"ஆமாம்."

"இப்போது சொல்வது பொய் இல்லை என்று எப்படி நம்புவது?"

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

ஜூலை 9

காய்ச்சல்.

ஆகஸ்ட் 21. சித்தூர்

ஆயுதம் நிரூபிக்கப்படவில்லை என்று குற்றச்சாட்டை மாற்றினார்கள். பெரியப்பா இடக்கையால் கையெழுத்துப் போட்டார். ராஜிக்கு அனுமதி. நைனா விடுதலை. என்னைப் பற்றி உத்தரவில் ஒரு வரி: சாட்சியின் நடத்தை கவலைக்குரியது. அதற்குமேல் ஒன்றுமில்லை. வக்கீலாகப் பதிவு கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது.

குடிபாலா பஸ்ஸில் நைனா பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்ட்டியா நைனா?" என்று கேட்டேன். யோசித்தார். "துன்னேன்னுதான் நெனக்கிறேன்" என்றார்.

கண்டக்டர் வந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நைனா நாற்பது வருடம் இந்த வழியில் போய்வந்த மனிதர். பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார், சொல்லலாமா என்பதுபோல.